ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்

(திருகோணமலையில் வர்த்தகர்கள், சட்ட மாணவர்கள், பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று மாலை இங்கே வருவதற்கு முன் உட்துறைமுக வீதியில் கொஞ்ச நேரம் நின்றேன். குடாவின் அந்தப் பக்கம் பிறிமா ஆலையின் கோதுமைக் களஞ்சியங்கள் தெரிந்தன. அதற்கு அப்பால் காட்டுக்குள் சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. நாமெல்லோரும் நாள்தோறும் பார்த்து வரும் காட்சி இது. ஆனால் ஒன்றை நாம் பார்ப்பதில்லை. இந்தத் துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு தொன் சரக்குக்கும் பின்னால் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. பிணக்கு வந்தால் எங்கே, எந்தச் சட்டத்தின்படி, யார் தீர்ப்பது என்று அது சொல்கிறது. அந்த வாசகத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

உலகத் தானிய வியாபாரத்தின் பெரும்பகுதி லண்டனில் உள்ள கஃப்டா என்ற சங்கத்தின் மாதிரி ஒப்பந்தங்களில் நடக்கிறது. வண்டு விழுந்தது, ஈரம் கூடியது என்று சண்டை வந்தால் தீர்ப்பது லண்டன். கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் அப்படித்தான். சரக்கு இறக்கக் குறித்த நாட்களுக்கு மேல் கப்பல் காத்து நின்றால் சுணக்கக் கூலி கேட்பார்கள். அது சரியா பிழையா என்று சொல்வதும் பெரும்பாலும் லண்டன் கடல்சார் நடுவர்கள்தான். மழை பெய்தது இங்கே, கப்பல் நின்றது இங்கே, கூலியாட்கள் காத்திருந்தது இங்கே. எத்தனை மணித்தியாலம் மழை பெய்தது என்பதைத் தீர்மானிப்பவர் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறார்.

இதில் தவறு இருக்கிறது என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். இரண்டு நாட்டு வியாபாரிகள் கொடுக்கல் வாங்கல் செய்யும்போது ஒருவர் மற்றவருடைய ஊர் நீதிமன்றத்தை நம்பத் தயங்குவது இயற்கை. ஆகவே இருவரும் பொதுவான ஒரு நடுவரை ஒத்துக்கொள்கிறார்கள். சட்டத் தமிழில் இதை நடுத்தீர்ப்பு என்கிறோம். அந்தத் தீர்ப்பை உலகம் எங்கும் நிறைவேற்ற 1958இல் நியூயோர்க்கில் ஒரு சாசனம் செய்தார்கள். இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இலங்கை 1962இலேயே சேர்ந்துவிட்டது. நம் நாட்டு நீதிமன்றத் தீர்ப்பொன்றை எடுத்துக்கொண்டு ஹம்பேர்க்கில் ஒருவருடைய வங்கிக் கணக்கை முடக்குவது மிகக் கடினம். நடுத்தீர்ப்பு ஒன்றை வைத்துக்கொண்டு அதைச் செய்யலாம். இந்த வசதிக்காகத்தான் உலக வர்த்தகம் இதை நாடுகிறது.

கஷ்டம் எங்கே வருகிறது என்பதற்கு என் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் கிண்ணியாவிலிருந்து ஒரு வியாபாரி என்னிடம் வந்தார். கடலட்டை பிடித்து, அவித்து, உலர்த்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். வாங்கியவர்கள் சரக்கு தரமில்லை என்று சொல்லி நாற்பது இலட்சம் ரூபாய் அளவில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் ஆறு பக்கம். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மடித்து, மடிப்பில் உப்பு படிந்திருந்தது. முதல் பக்கத்தில் விலையும் எடையும் எழுதிய இடங்களில் மையால் கோடு போட்டு, பக்கத்தில் தமிழில் குறித்து வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு கோடும் இல்லை. அங்கேதான் எழுதியிருந்தது: பிணக்குகள் சிங்கப்பூரில், மூன்று நடுவர்கள் முன், ஆங்கில மொழியில் தீர்க்கப்படும்.

“இதை வாசிச்சீங்களா?” என்று கேட்டேன்.

“சேர், அது அச்சிலேயே வந்தது. கையெழுத்து வைக்கிற இடத்த மட்டும்தான் காட்டினாங்க” என்றார்.

மூன்று நடுவர்களின் கட்டணம், நிலையத்தின் கட்டணம், அங்கே ஒரு சட்டத்தரணி, போக்குவரத்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டினேன். அவருக்கு வரவேண்டிய தொகையைவிட அது கூடுதல். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தொலைபேசியிலேயே பேசி, பாதியை வாங்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார். அவருக்கு உரிமை இருந்தது. அதைக் கேட்கப் போகும் வழிச் செலவு இல்லை. ஒரு நடுவர் என்று எழுதியிருந்தால், இடம் கொழும்பு என்று எழுதியிருந்தால், முதலில் மத்தியஸ்தம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அவர் பணம் முழுவதும் கிடைத்திருக்கலாம்.

சிங்கப்பூர் நடுத்தீர்ப்பு நிலையம் இந்தக் குறையை இப்போது உணர்ந்திருக்கிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் புதிய விதிகளில், பத்து இலட்சம் சிங்கப்பூர் டொலருக்கு மேற்படாத பிணக்குகளுக்கு ஒரே நடுவர், மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு, குறைந்த கட்டணம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஏற்றுமதி செய்யும் நண்பர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, நான் உண்மையில் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வெளிநாட்டு முதலீட்டாளர் ஒரு அரசாங்கத்தை நேரடியாக சர்வதேச நடுத்தீர்ப்புக்கு இழுக்கும் வழக்குகள் இன்று உலகில் 1,300க்கும் மேல். பல நூறு கோடி டொலர் வழக்குகள் அவற்றில் உண்டு. உலகின் பெரிய சட்டக் கல்லூரிகளில் இதற்கென்றே பாடம் இருக்கிறது. இரண்டு நாடுகள் செய்த உடன்படிக்கையை மட்டும் வைத்து, அரசோடு தனி ஒப்பந்தம் இல்லாமலே, ஒரு கம்பனி வாஷிங்டனில் உள்ள முதலீட்டுத் தகராறு நிலையத்தில் தொடுத்து வென்ற முதல் வழக்கு எது தெரியுமா? நம்முடைய கிழக்கு மாகாணத்தின் வழக்கு. இங்கிருந்து தெற்கே மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில், மகிழடித்தீவில் இருந்த ஒரு இறால் பண்ணை.

செரண்டிப் சீபூட்ஸ் என்ற கம்பனி அங்கே இறால் வளர்த்தது. அதன் பங்குகளில் ஏறக்குறைய 48 வீதம் ஹொங்கொங்கில் பதிவான ஏசியன் அக்ரிகல்ச்சரல் ப்ரொடக்ட்ஸ் என்ற கம்பனியுடையது. 1987 ஜனவரி 28இல் விசேட அதிரடிப்படை அந்தப் பகுதியில் நடவடிக்கை ஒன்றை மேற்கொண்டது. பண்ணை அழிந்தது. பண்ணை ஊழியர் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சுற்றுக் கிராமத்தவரையும் சேர்த்தால் அன்று இறந்தவர்கள் எண்பதுக்கும் மேல் என்று மட்டக்களப்பில் கணக்கிட்டார்கள். இந்த மண்டபத்தில் அந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள்.

1980இல் பிரித்தானியாவும் இலங்கையும் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றைச் செய்திருந்தன. அடுத்த வருடம் அது ஹொங்கொங்குக்கும் நீட்டிக்கப்பட்டது. பண்ணை அழிந்து ஆறு மாதம் கூட ஆகவில்லை, 1987 ஜூலையில் அந்தக் கம்பனி வாஷிங்டனில் மனுப் போட்டது. எட்டு மில்லியன் டொலருக்கு மேல் கேட்டது. எகிப்திய அறிஞர் அஹ்மத் எல்-கொஷேரி தலைவர், பிரான்ஸின் பெர்தோல்ட் கோல்ட்மன், கானாவின் சாமுவேல் அசாந்தே ஆகியோர் நடுவர்கள். 1990 ஜூன் 27இல் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பை நான் பல முறை வாசித்திருக்கிறேன். கட்டடங்களை யார் அழித்தது, படையினரா அவர்களை எதிர்த்துப் போராடியவர்களா என்பது நிரூபிக்கப்படவில்லை என்று பெரும்பான்மை நடுவர்கள் சொன்னார்கள். முதலீட்டுக்கு முழுப் பாதுகாப்புக் கொடுப்போம் என்று உடன்படிக்கையில் எழுதியிருப்பதாலேயே, என்ன நடந்தாலும் அரசு பொறுப்பு என்று ஆகிவிடாது என்றும் சொன்னார்கள். ஆனால் அரசு எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை எடுக்கவில்லை என்றார்கள். பண்ணை நிர்வாகம் ஒத்துழைக்கத் தயாராக இருந்தது. சந்தேகத்துக்குரியவர்கள் பண்ணையில் இருந்தால் நிர்வாகத்தோடு பேசி அமைதியாக வெளியேற்றியிருக்கலாம். அதைச் செய்யாமல் ஆயுத நடவடிக்கைக்குப் போனது கடமை தவறியது என்று தீர்த்து, 4,60,000 டொலரும் 10 வீத வட்டியும் கொடுக்கச் சொன்னார்கள். எதிர்கால இலாபத்துக்கும் நற்பெயருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. கம்பனி புதியது, நிலைத்த வருமானம் காட்டவில்லை என்பது காரணம். அசாந்தே மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார்.

உலகமெங்கும் சட்டத்தரணிகள் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள். அரசு எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி வரும் இடமெல்லாம் இது வருகிறது. வழக்கின் பெயரைச் சொல்லும் எத்தனை பேருக்கு மகிழடித்தீவு என்ற ஊர்ப் பெயர் தெரியும்? வாஷிங்டன் மேசையில் குளங்களுக்கு விலை போட்டார்கள், பங்குகளுக்கு விலை போட்டார்கள். கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் அந்த மேசையில் இல்லை. அவர்கள் இருக்கவும் முடியாது. அந்த வழி முதலீட்டாளருக்கு மட்டும் திறந்த வழி. 1978 அரசியலமைப்பின் 157ஆவது உறுப்புரை வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கைகளுக்கென்றே எழுதப்பட்டது. அப்படியொரு உடன்படிக்கையைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டால், தேசியப் பாதுகாப்புக் காரணம் தவிர வேறு எதற்காகவும் அதற்கு மாறாகச் சட்டம் செய்ய முடியாது, நிர்வாக நடவடிக்கை எடுக்க முடியாது. அந்த இறாலுக்கு இருந்த பாதுகாப்பு, இறாலுக்குத் தீனி போட்டவனுக்கு இருக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த ஊரவர்கள் ஒவ்வொரு ஜனவரி 28இலும் கூடி விளக்கேற்றுகிறார்கள்.

அந்த நடுவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர்கள் பதில் சொன்னார்கள். கேள்வியை வரையறுத்தது 1980இல் எழுதிய உடன்படிக்கை. அதைக் கொழும்பில் கையெழுத்திட்ட நாளில் வாவிக் கரையில் யாரும் வாசித்திருக்கவில்லை.

அடுத்தது எண்ணெய். 2008ஆம் வருடம் நினைவிருக்கும். மசகு எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போய் ஜூலையில் ஒரு பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. இன்னும் ஏறினால் என்ன செய்வது என்ற பயத்தில் இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சில வங்கிகளோடு விலைக்காப்பு ஒப்பந்தங்கள் செய்தது. ஜேர்மனியின் டொயிச் வங்கியோடு செய்த ஒப்பந்தம் 2008 ஜூலை மாதத்தது. விலை 112.50 டொலருக்கு மேல் போனால் வங்கி கூட்டுத்தாபனத்துக்குக் கொடுக்கும், ஆனால் மொத்தமாக 2.5 மில்லியன் டொலருக்கு மேல் கொடுக்காது. விலை அதற்குக் கீழே போனால் கூட்டுத்தாபனம் வங்கிக்குக் கொடுக்க வேண்டும், அதற்கு எல்லை இல்லை. ஏறினால் ஒரு கைப்பிடி, இறங்கினால் மூட்டை மூட்டையாக. இந்தக் கணக்கை நம்மூர் நெல் வியாபாரி ஒருவரிடம் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் எழுந்து போயிருப்பார்.

விலை சரிந்தது. டிசெம்பரில் 40 டொலருக்கும் கீழே வந்தது. நவம்பர் 28இல் உயர் நீதிமன்றம் கொடுப்பனவுகளை நிறுத்த இடைக்கால உத்தரவு போட்டது. டிசெம்பர் 16இல் மத்திய வங்கியும் கொடுக்க வேண்டாம் என்று பணித்தது. பிறகு நடந்ததை மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள். ஒரே கூட்டுத்தாபனம், ஒரே காலம், கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒப்பந்தங்கள். அவை மூன்று வெவ்வேறு வாசல்களுக்குப் போயின.

ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி லண்டன் வர்த்தக நீதிமன்றத்துக்குப் போனது. இப்படியான ஒப்பந்தம் செய்யக் கூட்டுத்தாபனத்துக்கு அதிகாரமே இல்லை என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. 2011இல் 160 மில்லியன் டொலருக்கு மேல் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம் மேன்முறையீட்டிலும் தோற்றோம். சிட்டி வங்கி லண்டன் சர்வதேச நடுத்தீர்ப்பு மன்றத்துக்குப் போனது. அங்கே அதே 2011இல் கூட்டுத்தாபனம் வென்றது. டொயிச் வங்கி ஜேர்மனி–இலங்கை முதலீட்டு உடன்படிக்கையின் கீழ், கூட்டுத்தாபனத்தை விட்டுவிட்டு, நாட்டையே வாஷிங்டனுக்கு அழைத்தது. விலைக்காப்பு ஒப்பந்தமும் ஒரு முதலீடுதான் என்று பெரும்பான்மை நடுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நம்முடைய உயர் நீதிமன்றத்தின் உத்தரவும் மத்திய வங்கியின் பணிப்பும் உடன்படிக்கையை மீறியவை என்றார்கள். 2012 ஒக்டோபர் 31இல் 60.37 மில்லியன் டொலரும் வட்டியும் செலவும் கொடுக்கத் தீர்ப்பு. பாகிஸ்தானைச் சேர்ந்த நடுவர் மக்தூம் அலி கான் மாறுபட்டார். இது முதலீடே இல்லை என்பது அவர் கட்சி. நான் அவர் பக்கம். அதனால் பணம் திரும்பி வராது.

ஒப்பந்தங்கள் மூன்றும் பெரிதாக வேறில்லை. வாசல்தான் வேறு. எந்த வாசல் என்பதைத் தீர்மானித்தது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கமும், யாரும் வாசிக்காத உடன்படிக்கை ஒன்றும்.

மிஹாலி என்ற அமெரிக்கக் கம்பனியின் வழக்கையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நாம் கவனமாக இருந்து பிழைத்தோம். மின் நிலையம் ஒன்றைக் கட்டப் பேச்சுவார்த்தை நடத்தி, அது கைகூடாமல் போனதும் செலவைக் கேட்டார்கள். அரசு கொடுத்த கடிதங்களில் இவை எவரையும் கட்டுப்படுத்தா என்று தெளிவாக எழுதியிருந்தது. 2002இல் நடுவர்கள் நம் பக்கம் தீர்த்தார்கள். யாரோ ஒரு அதிகாரி அந்த வாக்கியத்தை மறக்காமல் சேர்த்ததால் நாடு பிழைத்தது. அவருக்கு யாரும் மாலை போட்டிருக்க மாட்டார்கள்.

இன்று உலகம் முழுவதும் இந்தத் துறையில் ஓடும் பெரிய விவாதம் இரகசியம் பற்றியது. நடுத்தீர்ப்பு மூடிய கதவுக்குள் நடப்பது. இரண்டு வியாபாரிகளுக்கு அது நல்லது. ஒரு தரப்பு அரசாக இருந்தால், கொடுக்கப்போவது மக்களின் பணமாக இருந்தால், கதவு ஏன் மூடியிருக்க வேண்டும்? இதற்கு நைஜீரியாவைப் பாருங்கள். 2010இல் பி அண்ட் ஐ.டி. என்ற சிறிய கம்பனியோடு நைஜீரியா எரிவாயு ஒப்பந்தம் ஒன்றைச் செய்தது. ஆலை கட்டப்படவே இல்லை. 2017இல் லண்டனில் நடுவர்கள் 6.6 பில்லியன் டொலர் கொடுக்கச் சொன்னார்கள். வட்டி சேர்ந்து 11 பில்லியன் ஆனது. 2023 ஒக்டோபர் 23இல் லண்டன் நீதிபதி ரொபின் நோல்ஸ், ஒப்பந்தமே இலஞ்சத்தால் பெறப்பட்டது, நைஜீரியாவின் அந்தரங்கச் சட்ட ஆவணங்கள் எதிர்த்தரப்பின் கைக்குப் போயிருந்தன என்று கண்டார். பிறகு நடுவர்களின் தீர்ப்பு செல்லாமல் போனது. மூன்று அனுபவசாலி நடுவர்கள் மூடிய அறைக்குள் இருந்து காணாததை, திறந்த நீதிமன்றம் கண்டது. ஏழை நாடுகளின் அரசுத் தரப்புச் சட்டத்தரணிகள் எவ்வளவு பலவீனமாக, சில வேளை எவ்வளவு நேர்மையில்லாமல் வழக்காடுகிறார்கள் என்பதும் அந்த வழக்கில் வெளிவந்தது. சட்டமா அதிபர் திணைக்களத்தில் சேர நினைக்கும் மாணவர்கள் நீதிபதி நோல்ஸின் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

வழக்குக்குப் பணம் போடும் நிறுவனங்களும் இப்போது வந்துவிட்டன. வென்றால் பங்கு, தோற்றால் நட்டம் அவர்களுக்கு. சிங்கப்பூரும் ஹொங்கொங்கும் 2017இல் இதற்குச் சட்டத்தில் இடம் கொடுத்தன. கிண்ணியா வியாபாரி போன்ற ஒருவருக்கு இது உதவும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாற்பது இலட்சம் ரூபாய் வழக்குக்கு எவரும் பணம் போட மாட்டார்கள்.

நம் கடலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து ஜூன் 2இல் மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கின. கப்பல் தரப்பு லண்டன் கடல்சார் நீதிமன்றத்தில் தன் பொறுப்புக்கு உச்ச எல்லை கேட்டது. கணக்கு ஏறக்குறைய 19 மில்லியன் பவுண். இலங்கை 2023இல் சிங்கப்பூரில் வழக்குப் போட்டது. 2025 ஜூலை 24இல் நம் உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் டொலர் கொடுக்க உத்தரவிட்டது. ஒரே கப்பலுக்கு லண்டனில் ஒரு கணக்கு, கொழும்பில் ஒரு கணக்கு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் மீனவரின் நட்டஈடு மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியொரு கப்பல் கொட்டியாரக் குடாவில் மூழ்கினால் என்று நினைத்துப் பாருங்கள். மூதூரிலும் சம்பூரிலும் வலை வீசுகிறவர்கள் எந்த வாசலில் போய் நிற்பார்கள்?

இப்போது நம் குதங்கள். பிரித்தானியக் கடற்படை இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டியவை. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் எரிந்த குதத்தின் உருகிய இரும்பை இன்றும் பார்க்கலாம். மிஞ்சி நிற்பவை 99. 1987 இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களிலேயே இவை பேசப்பட்டன. 2003இல் இந்தியாவின் லங்கா ஐ.ஓ.சி. வந்தது. பல வருட இழுபறிக்குப் பிறகு 2022 ஜனவரியில் கணக்குப் பிரித்தார்கள்: லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த ட்ரிங்கோ பெற்றோலியம் டேர்மினல் கம்பனிக்கு 61. அந்தக் கூட்டுக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், மற்றவருக்கு 49 வீதம். காலம் 50 வருடம். 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. அதே நாட்களில் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல். முன்பு அதே சம்பூரில் அனல் மின் நிலையம் என்று சொல்லி, 2016இல் கைவிட்டதை மறந்துவிட வேண்டாம். திட்டம் மாறும்போதெல்லாம் பிணக்குக்கு ஒரு விதை விழுகிறது.

நான் முதலீட்டுக்கு எதிரானவன் இல்லை. இந்தத் துறைமுகம் வேலை செய்ய வேண்டும், நம் பிள்ளைகளுக்கு இங்கேயே தொழில் வேண்டும். ஆனால் இன்று பத்து வயதில் இருக்கும் ஒரு பிள்ளை அந்த 50 வருடம் முடியும்போது ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருக்கும். அவ்வளவு நீண்ட ஒப்பந்தங்களில் பிணக்கு எங்கே தீர்க்கப்படும், நடுத்தீர்ப்பு வெளியிடப்படுமா, சுற்றாடல் பாதிப்புக்கு ஊரவர்கள் கேட்கும் உரிமை தொடருமா என்பதைக் கையெழுத்துக்கு முன்னே கேட்க வேண்டும். பின்னே கேட்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை மகிழடித்தீவு காட்டிவிட்டது. நம் பக்கத்து நாடு இந்தியா இதைச் செலவழித்துக் கற்றது. வோடபோன், கெய்ர்ன் என்ற வெளிநாட்டுக் கம்பனிகள் தொடுத்த வழக்குகளில் அடி வாங்கியது. 2021இல் பாரிசில் அதன் சொத்துக்களையே கெய்ர்ன் முடக்கியது. 2016க்குப் பிறகு தன் பழைய முதலீட்டு உடன்படிக்கைகளில் பெரும்பாலானவற்றை அது முடித்துக்கொண்டது. நாம் 1980இல் எழுதியதை இன்னும் வைத்திருக்கிறோம்.

செய்யக்கூடியது என்ன? மூன்றைச் சொல்கிறேன்.

நம் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தில் மேல் நீதிமன்றம் என்றால் கொழும்பு நீதி வலயத்தில் அமரும் மேல் நீதிமன்றம். நடுத்தீர்ப்பை நிறைவேற்றவோ தள்ளவோ அங்கேதான் போக வேண்டும். இரவு ரயிலில் போய், காலையில் புதுக்கடையில் நின்று, தவணை வாங்கிக்கொண்டு திரும்பிய நாட்களை நான் எண்ணி வைக்கவில்லை. அதே சட்டம், பிரதம நீதியரசரின் இணக்கத்தோடு நீதி அமைச்சர் வேறு வலயத்தையும் வர்த்தமானி மூலம் குறிக்கலாம் என்கிறது. திருகோணமலை வலயத்தைக் குறிக்க வேண்டும். பாராளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு வர்த்தமானி போதும். நம் சட்டத்தரணிகள் சங்கமும் வர்த்தகர்களும் சேர்ந்து எழுதிக் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

மத்தியஸ்தத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, நமக்கு அது பழக்கமான காரியம். 1988 சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் கிராமம் வரை இருக்கின்றன. வேலிச் சண்டையும் கடன் சண்டையும் அங்கே தீருகின்றன. 2019இல் சிங்கப்பூரில் கையெழுத்தான மத்தியஸ்தச் சாசனத்தில் இலங்கை முதல் நாளே கையெழுத்திட்டது. 2024இல் அதை உறுதிசெய்து உள்நாட்டுச் சட்டமும் கொண்டுவந்தது. அந்தச் சாசனத்தில் இணைந்த நாடுகளில், மத்தியஸ்தத்தால் வந்த வர்த்தக இணக்கத்தை நீதிமன்றம் மூலம் நிறைவேற்ற இனி வழி இருக்கிறது. ஏற்றுமதி செய்யும் ஒவ்வொருவரும் தங்கள் ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்புக்கு முன் மத்தியஸ்தம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கடைசியாகச் சொல்வதை வீட்டுக்குப் போய்ச் சரிபாருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 9ஆம் பிரிவு. ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம் என்றால், பொதுவாக அது தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன், பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் அதைப் பற்றிய தகவலைத் தருவது பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. வர்த்தக இரகசியம் என்று மறுக்கலாம்; பொதுநலன் அதைவிடப் பெரிது என்றால் மறுக்க முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. குதங்கள் பற்றியும் சம்பூர் பற்றியும் துறைமுகம் பற்றியும் நாளைக்கே எழுதலாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிணக்கு வந்தால் எங்கே தீர்ப்பீர்கள், எங்களுக்கு அந்தத் தீர்ப்பைக் காட்டுவீர்களா? இங்கே இருக்கும் மாணவர்களில் பத்துப் பேர் எழுத முன்வந்தால் விண்ணப்பத்தை வரைந்து தர நான் இந்த மண்டபத்திலேயே காத்திருக்கிறேன்.